இலை வேம்பு மாதிரி, காய் வேம்பு இல்லை. இது என்ன மரம்?

பழையதிண்ணை:

எல்லோருக்கும் வணக்கம். மகள் புதிதாகக் குடிவந்த வீட்டுக்குப் போன மாதம் வந்தேன். பேத்திக்கு ஒன்றேமுக்கால் வயது. பகல் முழுக்க அவளைப் பார்த்துக்கொள்வது நான்தான். வாசலில் ஒரு மரம் நிற்கிறது. முன்பு இருந்தவர்கள் அழகுக்காக வைத்ததாம்.

முதல் நாள் வேம்பு என்றே நினைத்தேன். இலை பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது, ஒரு தாழ்ந்த கிளையில் மட்டும் கொஞ்சம் பாக்கி. நுனி கூரான சிறிய இலைகள், விளிம்பில் ரம்பம் மாதிரிப் பல். கசக்கினால் கிட்டத்தட்ட வேப்பிலை வாடைதான், கொஞ்சம் காட்டம் கூட.

காயைப் பார்த்த பிறகுதான் சந்தேகம் வந்தது. வேப்பம்பழம் நீண்டிருக்கும். இது கோலிக்குண்டு போல நல்ல உருண்டை. ஸ்கேல் வைத்து அளந்தேன், 13 மில்லிமீட்டர். மஞ்சள் நிறம். சில காய்கள் சுருங்கி வெளிறிப் போயிருக்கின்றன. நீளக் காம்புகளில் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. இலை போன பிறகும் இவை மட்டும் விடாமல் தொங்குவதுதான் எனக்கு விநோதமாகப் பட்டது.

நேற்றுக் காலை பேத்தி என் முன்னால் வந்து உள்ளங்கையைத் திறந்து காட்டினாள். மூன்று காய். வாயில் போடவில்லை, நான் பக்கத்திலேயே இருந்தேன். ஆனாலும் இரவு தூக்கம் வரவில்லை. கைபேசிச் செயலி ஒரு படத்துக்கு வேம்பு என்கிறது, இன்னொரு படத்துக்குப் பூந்திக்கொட்டை என்கிறது. எதை நம்புவது? மரத்தை வெட்ட மனமில்லை. வெயில் காலத்தில் வாசல் முழுக்க அதன் நிழல்தான் என்று அடுத்த வீட்டில் சொன்னார்கள். பெயர் தெரிந்தால் போதும், அப்புறம் என்ன செய்வது என்று யோசித்துக்கொள்வேன்.

நீர்க்குடம்:

மஞ்சள் உருண்டைக் காய், கொத்தாகத் தொங்குகிறது, இலை உதிர்ந்தும் விழவில்லை என்றால் பூந்திக்கொட்டையாகத்தான் இருக்கும் ஐயா. எங்கள் தெருவில் இருந்த மரம் அச்சு அசல் இப்படித்தான். காயைத் தண்ணீரில் போட்டுக் கசக்கிப் பாருங்கள், நுரை வரும்.

நாற்றங்கால்:

நீர்க்குடம் சொன்ன சோதனை நல்லதுதான், செய்து பாருங்கள். ஆனால் விளிம்பில் பல் இருக்கிறது என்று ஐயா எழுதியிருப்பதைக் கவனிக்க வேண்டும். பூந்திக்கொட்டை இலைக்குப் பல் கிடையாது, விளிம்பு வழவழவென்று இருக்கும். தூரத்திலிருந்து காயை மட்டும் பார்த்தால் இரண்டு மரத்தையும் குழப்பிக்கொள்வது சகஜம். நானும் நாற்றுப்பண்ணையில் சேர்ந்த புதிதில் விதை சேகரிக்கப் போய், ஒரு மூட்டை நிறையத் தவறான காயைப் பொறுக்கி வந்திருக்கிறேன்.

ஐயா, நீங்கள் "இலை" என்று சொல்வது எது என்பதை முதலில் முடிவு செய்வோம். வேம்பில் நாம் ஒரு இணுக்கு என்று ஒடிக்கிறோமே, தாவரவியல் கணக்கில் அந்த முழு இணுக்கும்தான் ஒரு இலை. அதிலுள்ள சின்னச் சின்ன இலைகளெல்லாம் சிற்றிலைகள். எது முழு இலை என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது: காம்பு தண்டோடு சேரும் கக்கத்தில் மொட்டு இருக்கிறதா என்று பாருங்கள். மொட்டு இருந்தால் அங்கிருந்து தொடங்குவது ஒரு முழு இலை. சிற்றிலையின் அடியில் மொட்டு ஒருபோதும் இருக்காது.

மொட்டைக் கண்டுபிடித்த பிறகு அந்தக் காம்பு எத்தனை முறை பிரிகிறது என்று எண்ணுங்கள். வேம்பிலும் பூந்திக்கொட்டையிலும் நடுக்காம்பின் இரு பக்கமும் நேராகச் சிற்றிலைதான் இருக்கும், ஒரே பிரிவு. உங்கள் மரத்தில் நடுக்காம்பிலிருந்து பக்கக் காம்பு பிரிந்து, அந்தப் பக்கக் காம்பில் சிற்றிலை இருந்தால் அது வேறு கதை. சிற்றிலையின் உருவம் ஏமாற்றும், பிரிவுக் கணக்கு அவ்வளவு சுலபத்தில் ஏமாற்றாது.

அப்புறம் ஒரு காயைச் சதை நீக்கி, உள்ளே இருப்பதைச் சொல்லுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பேத்தி தூங்கும்போது செய்யுங்கள்.

பழையதிண்ணை:

மிக்க நன்றி அம்மா. நீங்கள் சொன்னபடியே செய்தேன்.

மொட்டைத் தேடித்தான் கொஞ்சம் நேரமானது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். நான் இணுக்கு என்று நினைத்தவற்றின் அடியில் ஒன்றுமே இல்லை. அவையெல்லாம் சேரும் பெரிய காம்பைத் தண்டு வரைக்கும் தொடர்ந்துபோனபோது, அந்தக் கக்கத்தில் சின்ன உருண்டை மொட்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அப்படியானால் ஒரே இலை என் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை நீளம்! நடுக்காம்பு, அதில் எதிரெதிராகப் பக்கக் காம்புகள், அவற்றில் சிற்றிலைகள். இரண்டு முறை பிரிகிறது, சந்தேகமே இல்லை. அடியில் உள்ள ஒரு ஜோடியில் சிற்றிலையே மறுபடி மூன்றாகப் பிரிந்திருந்தது. இலை விழுந்த இடங்களில் தண்டில் பெரிய தழும்பு, மூன்று மடல் வைத்தது போல.

காயைத் தண்ணீரில் ஊறவைத்துக் கசக்கினேன். நுரை இல்லை. பிசுபிசுவென்று சதை. அதைத் தேய்த்து எடுத்ததும் வெளிர்நிறத்தில் ஒரு கெட்டியான கொட்டை. கறுப்பு இல்லை, பளபளப்பும் இல்லை. மேலிருந்து கீழாக ஐந்து வரப்பு, ஐந்து பள்ளம். நுனியைப் பார்த்தால் நட்சத்திரம் மாதிரி. காம்பு இருந்த இடத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. தையல் ஊசியை வைத்து அழுத்தினேன். நுழைந்து மறுபக்கம் வந்துவிட்டது. நான்கு கொட்டையில் செய்து பார்த்தேன், நான்கிலும் நடுவில் அதே துளை.

நாற்றங்கால்:

ஐயா, ஊசி நுழைந்ததோடு விடை வந்துவிட்டது. தாவரவியல் பெயர் மீலியா அசெடராக். தமிழில் மலைவேம்பு, சிலர் துருக்கவேம்பு என்றும் சொல்வார்கள். அந்தத் துளையும் வரப்பும் இருப்பதால்தான் பல நாடுகளில் இதன் கொட்டையை ஜெபமாலைக்கும் மணிமாலைக்கும் கோத்திருக்கிறார்கள். பூந்திக்கொட்டைக்குள் கறுப்பாக உருண்ட விதை இருந்திருக்கும்.

வேம்பு என்று நீங்கள் நினைத்ததில் தவறே இல்லை. இரண்டும் ஒரே குடும்பம். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இரண்டையும் மீலியா என்ற ஒரே பேரினத்தில்தான், அதாவது நெருங்கிய இனங்களின் ஒரே தொகுப்பில்தான், வைத்தார். 1830இல்தான் ஜுஸ்யூ என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் வேம்பைப் பிரித்து அசாடிராக்டா என்று தனிப் பேரினம் ஆக்கினார். அசெடராக், அசாடிராக்டா என்ற இரண்டு பெயருமே ஒரே பாரசீகச் சொல்லிலிருந்து வந்தவை.

பூக்கும்போது பாருங்கள், இன்னும் உறுதியாகிவிடும். வேப்பம்பூ வெள்ளை. இதற்கு இளம் ஊதா இதழ்கள், நடுவில் அடர் ஊதாவில் ஒரு குழாய். நல்ல வாசனை. அந்தப் பூவுக்காகவும் நிழலுக்காகவும்தான் வெப்ப நாடுகளிலெல்லாம் இதை வைத்தார்கள்.

மரச்செதில்:

ஒரு சின்ன எச்சரிக்கை. மலைவேம்பு என்ற பெயரில் தேடினால் ஒட்டுப்பலகைக்காகத் தோப்பாக வளர்க்கும் மரத்தைப் பற்றித்தான் நிறைய வரும். அது மீலியா டூபியா, இதன் நெருங்கிய சொந்தம். அதன் காய் உங்களுடையதைவிட நன்றாகப் பெரிது, கொஞ்சம் நீளவாக்கில் இருக்கும். 13 மில்லிமீட்டர் உருண்டைக் காய் என்றால் அசெடராக்தான். அந்த மரத்துக்கு எழுதியதைப் படித்துவிட்டு இதற்கு எதையும் செய்யாதீர்கள், முக்கியமாக இலையையோ காயையோ மருந்து என்று நினைத்து.

பழையதிண்ணை:

எனக்குத் தெரிய வேண்டியது இப்போது அது ஒன்றுதான். பேத்தி ஒரு காயைத் தின்றிருந்தால்?

நாற்றங்கால்:

நேராகவே சொல்லிவிடுகிறேன் ஐயா. காய் நச்சுதான். வாந்தி, வயிற்றுப்போக்கு, கைகால் நடுக்கம் வரும். அதிகமானால் மூச்சுத் திணறும். நாய்களுக்கும் பன்றிகளுக்கும்கூட ஆபத்து. பறவைகள் தின்கின்றனவே என்று நினைக்க வேண்டாம். அவை காயை விழுங்கிக் கொட்டையை வேறெங்கோ போட்டுவிடும். தென்னாப்பிரிக்காவில் இந்த மரம் காடெங்கும் பரவிப் பெரிய தொல்லையானதற்கு அதுவும் ஒரு காரணம்.

குழந்தை தின்றதாகச் சந்தேகம் வந்தாலே காத்திருக்காதீர்கள். வாயில் மீதி இருந்தால் துடைத்து எடுத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வீட்டில் வாந்தி எடுக்கவைக்க முயல வேண்டாம். ஒரு முழு இலையையும் சில காய்களையும் கையோடு கொண்டுபோங்கள். பெயரைச் சொல்ல இப்போது உங்களுக்குத் தெரியும், அது மருத்துவருக்குப் பெரிய உதவி.

மரத்தை வெட்டத்தான் வேண்டும் என்பதில்லை. எட்டுகிற உயரத்தில் உள்ள கொத்துகளைக் காம்போடு கத்தரித்துவிடுங்கள், விழுந்ததைத் தினமும் கூட்டுங்கள். அடுத்த முறை பூ வாடியதும் கீழ்க்கிளைகளில் உள்ள கொத்துகளை நறுக்கிவிட்டால் அங்கே காய் பிடிக்காது. கூட்டாமல் விட்டால் அடியில் நாற்றும் முளைக்கும், ஒரு கொட்டைக்குள் பல விதை இருப்பதால் கொத்தாகவே வரும்.

நீர்க்குடம்:

தவறாகச் சொல்லிவிட்டேன் ஐயா, மன்னிக்கவும். காயை வைத்தே முடிவு செய்துவிட்டேன்.

பழையதிண்ணை:

மன்னிப்பெல்லாம் வேண்டாம் தம்பி. நீங்கள் நுரை சோதனை சொன்னதால்தான் காயை ஊறவைத்தேன், கொட்டை சுத்தமாகக் கிடைத்தது.

இன்று காலை மருமகன் ஏணி வைத்து எட்டிய கொத்துகளையெல்லாம் வெட்டினார். ஒரு சாக்கு நிறைய வந்தது, கட்டி ஓரமாக வைத்திருக்கிறோம். பேத்தி எழுவதற்கு முன்பே வாசலைக் கூட்டிவிட்டேன், இனி தினமும் அதுதான் முதல் வேலை. ஒரு முழு இலையைப் பழைய நாட்காட்டித் தாளுக்குள் வைத்து, மேலே மரத்தின் பெயரையும் எழுதி, மருந்துப் பெட்டியில் போட்டிருக்கிறேன். நான் இல்லாத நேரத்தில் மகளுக்குத் தேவைப்பட்டால் கைக்கு எட்ட வேண்டும். பூத்ததும் படம் போடுகிறேன் அம்மா.