காளவாய்க்கு வேலி போடுமுன்

எல்லோருக்கும் வணக்கம்.

நம்மூர்க் கடற்கரையில் சுண்ணாம்பு சுட்ட பழைய சூளையான காளவாயைச் சுற்றி வேலி போட்டு, உள்ளே வலை வைத்திருப்பவர்களைக் காலி செய்யச் சொல்லி, சிமென்ட் பூசி வரலாற்றுப் பலகை மாட்டலாம் என்ற யோசனையைப் படித்தேன். நோக்கம் நல்லதுதான். ஆனால் பணம் திரட்டத் தொடங்குமுன், இங்கே இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஒரு ஊர் தன் காளவாயை எப்படி வைத்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

நார்தம்பர்லாந்தில் பீட்னல் என்று ஒரு சின்ன மீன்பிடி ஊர். படகுத்துறையை ஒட்டியே காளவாய், 1798இல் கட்டியது. அடியில் வளைவு வளைவாக வாய்கள். மேலிருந்து சுண்ணாம்புக்கல்லும் நிலக்கரியும் அடுக்கடுக்காகக் கொட்டி எரிப்பார்கள், சுட்டது கீழே இறங்க இறங்க வாய் வழியாக வாரி எடுப்பார்கள். நம்மூரில் கிளிஞ்சலையும் கரியையும் மாற்றி மாற்றிப் போட்டது போலத்தான், அளவுதான் பெரிது. 900 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறினால்தான் கல் சுண்ணாம்பாக மாறும். 100 கிலோ நல்ல சுண்ணாம்புக்கல்லில் 56 கிலோதான் சுண்ணாம்பாக மிஞ்சும், மீதி 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். இரவில் குளிருக்கு ஒதுங்க வந்து காளவாய்ப் பக்கம் படுத்தவர்கள் புகையில் மூச்சடைத்துச் செத்த கதைகள் இந்த நாட்டில் நிறைய உண்டு.

கடலோரத்தில் ஏன் கட்டினார்கள் என்றால், கரியைக் கொண்டுவரவும் சுண்ணாம்பை ஏற்றி அனுப்பவும் கப்பல்தான் மலிவு. கட்டட வேலைக்கு மட்டுமில்லை, புளித்துப்போன வயல் மண்ணில் போடவும் சுண்ணாம்பு வண்டி வண்டியாகத் தேவைப்பட்டது. ஆனால் சுட்டெடுத்து இன்னும் நீற்றாத சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று நம்மூர்ப் பெரியவர்களைக் கேட்டால் தெரியும், கொதித்துச் சூடேறும். கப்பலுக்குள் கடல்நீர் புகுந்தால் சரக்கே தீ வைத்துவிடும்.

அப்புறம் பீட்னலில் நெருப்பு அணைந்தது. காளவாயை யாரும் இடிக்கவில்லை. உள்ளே ஹெர்ரிங் மீனைப் பதப்படுத்தினார்கள் (நம் மத்திக்குச் சொந்தக்கார மீன்). இப்போது அது நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. ஆனாலும் மீனவர்கள் சிங்கி இறால் கூடுகளையும் கயிறுகளையும் அந்த வளைவுகளுக்குள் போட்டு வைக்கிறார்கள், யாரும் விரட்டுவதில்லை. தினமும் ஆள் போய் வருகிற கட்டடத்தில் ஒரு கல் நகர்ந்தாலும் யாராவது பார்த்துவிடுவார்கள் இல்லையா?

அதே கரையில் ஹோலி ஐலண்ட் தீவுக் கோட்டைக்குக் கீழேயும் காளவாய்கள் இருக்கின்றன. 1860களில் ஸ்காட்லாந்தின் டண்டீ ஊர்க் கம்பெனி கட்டியது. அங்கிருந்து கரி வரும், திரும்பும் கப்பலில் சுண்ணாம்பு போகும், நூற்றாண்டு முடிவதற்குள் தொழில் படுத்துவிட்டது. பீட்னலை விடப் பெரியவை, பார்க்கவும் அழகு, அதையும் இதே அறக்கட்டளைதான் பராமரிக்கிறது. ஆனால் நமக்கு அது சரிப்படாது. அங்கே தீவைப் பார்க்கவே கூட்டம் வருகிறது. நம்மூர்க் காளவாயைப் பார்க்க யார் வரப்போகிறார்கள், உண்மையைச் சொல்லுங்கள்.

பலகை வைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. வைத்தால் முழுதாக எழுதுவோம். மன்னார் வளைகுடாக் காளவாய்களில் எரிந்தது கிளிஞ்சல் மட்டுமில்லை, பவளப்பாறையும்தான். வளைகுடாவின் 21 தீவுகளில் விலங்குசல்லியும் பூவரசன்பட்டியும் நீருக்குள் போனதற்குப் பாறையை வெட்டி எடுத்ததும் ஒரு காரணம். 1986இல் தேசியப் பூங்கா வந்தது, 2001இல் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தது. இதை விட்டுவிட்டு 'நம் முன்னோர் கைவண்ணம்' என்று மட்டும் எழுதினால் நம்மூர்ப் பிள்ளைகளே சிரிப்பார்கள்.

சிமென்ட் மட்டும் வேண்டவே வேண்டாம். பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்பு பூத்து, கல்லே உதிரும். விரிசலைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்கத் தெரிந்த கொத்தனார் ஒருவரை ஊரில் இருப்பவர்கள் முதலில் தேடிப் பாருங்கள், கூலியை நாம் இங்கிருந்து பகிர்ந்துகொள்ளலாம். வலைக்காரர்களிடமும் ஒரு வார்த்தை பேசுங்கள், மழைக்கு முன்னால் கூரை விளிம்பில் முளைத்த ஆலங்கன்றைப் பிடுங்குவது அவர்கள் பொறுப்பு என்றால் ஒத்துக்கொள்வார்கள் என்றே நினைக்கிறேன்.