கூடுவாஞ்சேரிப் பக்கம் புதுப் பணி: 30,000 சம்பளத்தில் எங்கே வீடு பார்ப்பது?

கரிசல்காட்டுப்பெண்:

அனைவருக்கும் வணக்கம். நான் சங்கரன்கோவிலை அடுத்த ஒரு கிராமத்தைச் சேர்ந்தவள். இடைநிலை ஆசிரியையாகப் பணி ஆணை பெற்று, சென்ற மாதம் செங்கல்பட்டு மாவட்டம் காட்டாங்கொளத்தூர் ஒன்றியத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் சேர்ந்திருக்கிறேன். பள்ளி, கூடுவாஞ்சேரியிலிருந்து நெல்லிக்குப்பம் செல்லும் சாலையில் சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. (கடலூர் மாவட்டத்து நெல்லிக்குப்பம் அன்று. ஊரில் இன்னும் சிலர் சர்க்கரை ஆலை பக்கத்தில் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.)

அடிப்படைச் சம்பளம் 20,600 ரூபாய். அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் சேர்ந்து, ஓய்வூதியத்துக்கான 10 சதவீதமும் மருத்துவக் காப்பீடும் பிடித்தது போக, கைக்கு ஏறத்தாழ 30,000 வரும் என்று உடன் பணிபுரிகிறவர்கள் கணக்குச் சொல்கிறார்கள். அதில் 4,200 கல்விக் கடனுக்குப் போய்விடும். முதல் சம்பளம் இன்னும் வரவில்லை. இப்போதைக்குக் குரோம்பேட்டையில் சித்தி வீட்டில் தங்கிப் போய்வருகிறேன். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை என்றாலும், இரண்டு அறை வீட்டில் ஐந்தாவது ஆளாக எத்தனை நாள் இருப்பது?

ஊரில் அம்மா தனியாக இருக்கிறார். மூட்டுவலி என்பதால் மாடி ஏற முடியாது. தீபாவளிக்குள் அவரை அழைத்து வந்துவிட எண்ணி, ஊரப்பாக்கத்தில் ஒரு தரைத்தள வீட்டைப் பார்த்தேன். வாடகை 8,500, முன்பணம் 85,000, தரகருக்கு ஒரு மாத வாடகை. வேறொருவரும் கேட்டிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு சொல்லுங்கள் என்று அவசரப்படுத்துகிறார்கள். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்தால் முன்பணம் கட்டிவிடலாம். இந்தப் பகுதி எனக்குச் சிறிதும் பழக்கமில்லை. விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

வண்டலூர்வாசி:

சகோதரி, இருபது ஆண்டுகளாக இந்தப் பக்கம் குடியிருக்கிறேன். தரைத்தளம் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது வடகிழக்குப் பருவமழைதான். 2015இல் அடையாறு பெருகியபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் பட்ட பாட்டைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி எல்லாம் தப்பித்த ஊர்கள் என்று எண்ண வேண்டாம். இங்கும் ஏரிகளின் உபரிநீர் போகும் வழியை ஒட்டிப் பல நகர்கள் எழுந்திருக்கின்றன. பெயர்ப்பலகையில் 'நகர்' என்றிருக்கும், அதற்கு முன்னால் அது நஞ்சை நிலமாக இருந்திருக்கும்.

எல்லாத் தெருவிலும் தண்ணீர் நிற்பதில்லை. அடுத்தடுத்த இரண்டு தெருக்களில் ஒன்று மூழ்கும், மற்றொன்றில் குழந்தைகள் மழையில் விளையாடிக்கொண்டிருப்பார்கள். எனவே பகுதியின் பெயரைக் கேட்டு முடிவு செய்யாமல், அந்தத் தெருவையே போய்ப் பாருங்கள். வீட்டு வாசற்படி சாலையைவிட உயர்ந்திருக்கிறதா, தாழ்ந்திருக்கிறதா? பழைய வீடுகள் பலவற்றில், சாலையை மேலும் மேலும் போட்டு உயர்த்தியதால், வாசல் பள்ளத்தில் கிடக்கும். சுற்றுச்சுவரின் வெளிப்புறத்தில் ஒரே மட்டத்தில் பழுப்புக் கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். மின் மீட்டர் பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது என்றும் கவனியுங்கள். ஒரு தடவை தண்ணீர் புகுந்த வீட்டுக்காரர் முதலில் செய்யும் வேலை, மீட்டரைத் தலைக்கு மேல் ஏற்றிவிடுவதுதான். சுவருக்குப் புது வண்ணம் அடித்து மறைத்தவர்கள்கூட மீட்டரை மறந்துவிடுவார்கள்.

தரகரிடம் விசாரிக்காதீர்கள். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரிடம் கேளுங்கள். மழையில் அவர் வண்டியை எங்கே தள்ளிக்கொண்டு போனார் என்பதே உங்களுக்கு வேண்டிய பதில். போன கையோடு குழாயைத் திறந்து, வாளியின் அடியில் வெள்ளைப் படிவு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உப்பாக இருக்கும். அப்படியானால் குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர் வாங்க வேண்டிவரும்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:

அம்மா, பணியில் சேர்ந்தமைக்கு வாழ்த்துகள். பணம் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் சம்பளம் முதல் மாதமே வந்துவிடும் என்று நம்பி எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் பெயரில் பணியாளர் எண் உருவாகி, ஓய்வூதியக் கணக்கு எண் பெற்று, வட்டாரக் கல்வி அலுவலகத்தில் பட்டியல் தயாராகிக் கருவூலம் போய்ச் சேர இரண்டு மாதமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். பிறகு நிலுவை மொத்தமாக வரும் என்பது உண்மைதான். ஆனால் அடகுக்கடை வட்டி நிலுவைக்காகக் காத்திருப்பதில்லை. சங்கிலி அம்மாவின் கழுத்திலேயே இருக்கட்டும்.

85,000 முன்பணம் என்பது பத்து மாத வாடகை. சென்னைப் பக்கம் இது பழைய வழக்கம். 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொண்டாலன்றி, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. அந்த 'ஒப்பந்தத்தில் வேறுவிதமாக' என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. படிக்காமல் கையெழுத்துப் போட்டால் பத்து மாதமும் செல்லுபடியாகிவிடும். எனவே ஒப்பந்தத்தை எழுத்தில் கேளுங்கள், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்வீர்களா என்றும் கேளுங்கள். இந்தக் கேள்வியிலேயே பாதிப் பேர் முன்பணத்தைக் குறைத்துப் பேசத் தொடங்கிவிடுவார்கள். மின்சாரத்துக்குத் தனி இணைப்பா, அல்லது உள் மீட்டர் வைத்து அவர்களாகவே யூனிட்டுக்கு ஒரு விலை வசூலிக்கிறார்களா என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற சலுகை இந்த இரண்டாவது வகை வீட்டில் உங்கள் கைக்கு வராது.

இன்னொன்று. வீட்டு வாடகைப்படி பணிபுரியும் இடத்தைப் பொறுத்துத் தரப்படுவது, குடியிருக்கும் இடத்தைப் பொறுத்தன்று. ஆகவே குரோம்பேட்டையிலேயே வீடு பார்ப்பதால் அது கூடப்போவதில்லை, வாடகை மட்டும்தான் கூடும்.

பச்சைத்துண்டு:

நானும் தென்காசி மாவட்டத்திலிருந்து வந்தவள்தான், அக்கா. மறைமலை நகர்ப் பக்கம் ஒரு பள்ளியில் நான்காம் ஆண்டு. முதல் மழைக்காலம் முடியும்வரை வீடே பார்க்காதீர்கள் என்பதுதான் என் கருத்து. பணிபுரியும் பெண்களுக்காக அரசு நடத்தும் 'தோழி' விடுதி கூடுவாஞ்சேரியிலேயே இருக்கிறது, தாம்பரத்திலும் இருக்கிறது. நான் எட்டு மாதம் அங்கே தங்கினேன். பெரிய முன்பணம் கிடையாது, தரகரும் கிடையாது. விடுதியிலிருந்தபடியே ஞாயிறுதோறும் ஒரு தெருவாக நடந்து பார்த்து, மழை பெய்த மறுநாள் எங்கே கால் வைக்க முடிகிறது என்பதையும் அறிந்து, பிறகுதான் வீடு பிடித்தேன்.

போக்குவரத்தைப் பொறுத்தவரை, செங்கல்பட்டு வரை போகும் மின்சார ரயிலும் தாம்பரத்தோடு நின்றுவிடும் ரயிலும் வேறு வேறு என்பதை முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டிருப்பீர்கள். தாம்பரத்துக்கு அப்பால் ரயில்கள் குறைவு. ஒன்றைத் தவறவிட்டால் இறைவணக்கக் கூட்டம் முடிந்திருக்கும். ஆகவே குரோம்பேட்டையிலிருந்து தினமும் வருவதைவிடக் கூடுவாஞ்சேரியிலேயே இருந்துகொண்டு, பள்ளிக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் போவது நல்லது. அதில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அந்தப் பேருந்து வராத நாளில் ஷேர் ஆட்டோவுக்குக் கொடுப்பதைத் தவிரப் போக்குவரத்துச் செலவு பெரிதாக இராது. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபோது சென்னைக்காரர்கள் தொலைவு என்று புலம்பினார்கள். நம்மைப் போன்ற தென்மாவட்டத்தாருக்கு அது வீட்டு வாசல்.

கரிசல்காட்டுப்பெண்:

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்று மாலை பள்ளி முடிந்ததும் அந்த வீட்டை மறுபடி போய்ப் பார்த்தேன். மீட்டர் பெட்டி என் தலைக்கு மேல் ஒரு முழம் உயரத்தில், பழைய பெட்டி இருந்த ஆணித் துளைகள் இடுப்பளவில். இஸ்திரிக்காரர் இல்லை, எதிர்வீட்டுப் பாட்டி இருந்தார். "அந்த வீட்டுக்காரங்க மழைக்கு மக வீட்டுக்குப் போயிடுவாங்கம்மா" என்றார். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. தரகருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 'தோழி' விடுதியில் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். அம்மாவிடம் பொங்கல் கழிந்து வரலாம் என்று சொன்னதற்கு, நெல் அறுத்த பிறகு வருவதுதான் தனக்கும் வசதி என்கிறார். இத்தனை நாளும் எனக்காகத்தான் தீபாவளிக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார் போலும்.

வண்டலூர்வாசி:

நல்லது. அப்படியானால் பொதிகை விரைவு ரயிலுக்கு இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முன்பதிவு 60 நாள்களுக்கு முன்னர்தான் திறக்கிறது. காணும் பொங்கலுக்கு மறுநாள் புறப்படுவதானால் நவம்பர் மூன்றாவது வாரத்தில், காலை எட்டு மணிக்கே உட்கார்ந்துவிட வேண்டும். 45 வயதைக் கடந்த பெண்களுக்குக் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு, அந்த ஒதுக்கீட்டில் அம்மாவுக்குத் தனிச்சீட்டாகப் போடுங்கள். தாம்பரத்தில் இறங்கினால் கூடுவாஞ்சேரிக்கு மின்சார ரயில் கிடைக்கும். ஆனால் மூட்டுவலியோடு நடைமேடை மாறிப் படியேறுவதைவிட ஆட்டோவே மேல்.