தொடக்கப்பள்ளியில் திருவருகைக்காலம்: எப்படி அனுசரிப்பது?

கேள்வி: எங்கள் கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளியில் டிசம்பர் மாதம் அரையாண்டுத் தேர்விலேயே கழிந்து, கிறிஸ்துமஸ் விழா கடைசி நாளன்று கேக்கும் தாத்தா வேடமுமாக முடிந்துவிடுகிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக்காலத்தில், காத்திருத்தலின் பொருளைச் சிறுவர்களுக்கு எவ்வாறு உணர்த்துவது?

பதில் 1: காலை வழிபாட்டில் மெழுகுவத்தி வளையம் ஏற்றலாம். அவ்வழக்கமே குழந்தைகளுக்காகப் பிறந்ததுதான். 1839-இல் ஹாம்பர்க் நகரில், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று நாள்தோறும் கேட்ட ஏழைச் சிறுவர்களுக்காக, யோகான் விகெர்ன் என்னும் போதகர் வண்டிச் சக்கரமொன்றில் வார நாள்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவத்திகளையும், ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளை மெழுகுவத்திகளையும் பொருத்தினார் என்பர்.

பதில் 2: கத்தோலிக்க வழக்கில் மூன்று ஊதா, மூன்றாம் ஞாயிறுக்கு மட்டும் ரோஜா நிறம். பள்ளியில் திங்களன்று ஏற்றுங்கள். 2026-இல் திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 29 ஆகும்.

கேட்டவர்: நன்றி ஐயா. பழைய மிதிவண்டிச் சக்கரமொன்று எங்கள் பள்ளிக் கொட்டகையில் கிடக்கிறது.