பெரியவீட்டு குரூப்ல ஓடுன சதாம் பேச்சு

கார்த்தி: ஃபார்வேர்டட் மெசேஜ் - ஈராக் அதிபரா இருந்த சதாம் உசேன் எந்த நாட்டு மேலயும் படையெடுத்ததே இல்ல, எண்ணெய்க்காக அவர அழிச்சுட்டாங்க, எல்லாருக்கும் ஷேர் பண்ணுங்க

பெரியப்பா: கார்த்தி இத யார்டா எழுதுனது. எந்த நாட்டு மேலயும் படையெடுக்கலயா. அப்ப 1990ல நான் குவைத்துல ஹவல்லிய விட்டு கட்டுன துணியோட எதுக்கு ஓடியாந்தேன்

கார்த்தி: காலேஜ் குரூப்ல வந்துச்சு பெரியப்பா. எங்க வயசுக்கு 2003 மட்டும்தான் தெரியும். பேரழிவு ஆயுதம் இருக்குன்னு சொல்லி ஈராக் உள்ள அமெரிக்கா போச்சு, கடைசில ஒண்ணும் கிடைக்கல, அது பொய்தானே

பெரியப்பா: பொய்தான். அநியாயம்தான். ஆனா அமெரிக்கா பண்ணுனது அநியாயம்கிறதால சதாம் பண்ணுனது நியாயம் ஆயிடாதுடா. பத்து வருஷத்துக்குள்ள பக்கத்து நாடு ரெண்டுக்குள்ள பட்டாளத்த அனுப்புனவர் அவர். 1980 செப்டம்பர் 22 ஈரான், 1990 ஆகஸ்ட் 2 குவைத். முதல் சண்டை எட்டு வருஷம் ஓடுச்சு, ரெண்டு பக்கமும் லட்சக்கணக்குல பசங்க செத்தானுங்க

சித்தப்பா: அண்ணே ஈரான் சண்டைய ஒரு பக்கமா சொல்லாதீங்க. ஈரான்ல கொமேனி ஆட்சிக்கு வந்ததுலேர்ந்து சதாம கவுத்துடுங்கன்னு ஈராக் ஷியாக்கள தூண்டி விட்டுகிட்டே இருந்தாங்க. 82ல சதாம் நிறுத்திக்கலாம்னு எறங்கி வந்தப்ப ஈரான்தான் மாட்டேன்னுச்சு. மீதி ஆறு வருஷத்த இழுத்தது யாரு?

திவ்யா அக்கா: ரெண்டும் உண்மை சித்தப்பா. ஆனா வரிசையா பாருங்க. 1975ல அல்ஜியர்ஸ்ல ஈரான் மன்னர் ஷாவும் சதாமும் ஒப்பந்தம் போட்டாங்க, ரெண்டு நாட்டு எல்லைல ஓடுற ஷட் அல் அரப் ஆத்துல நடு ஆழம்தான் எல்லைன்னு ஈராக் ஒத்துக்கணும், பதிலுக்கு ஈராக்ல இருக்குற குர்து போராளிங்களுக்கு ஈரான் குடுக்குற உதவிய நிறுத்தணும், நிறுத்திட்டாங்க. அப்புறம் 79 புரட்சி, ஷா போயாச்சு, ராணுவ அதிகாரிங்க நெறைய பேர கொன்னும் வேலைய விட்டு தூக்கியும் பட்டாளமே ஆடிப்போச்சு, அமெரிக்க தூதரகத்த பிடிச்சு வச்சிருந்ததால அங்கேர்ந்து வாங்குன விமானத்துக்கு உதிரி பாகமும் வராது. இதத்தான் சதாம் பாத்தார். 1980 செப்டம்பர் 17 அந்த ஒப்பந்தம் செல்லாதுன்னு அறிவிச்சார், அஞ்சு நாள்ல விமானம் கெளம்பிடுச்சு. 67ல இஸ்ரேல் எகிப்து விமானங்கள தரையிலயே அழிச்ச மாதிரி முடிச்சிடலாம்னு டெஹ்ரான் மெஹ்ராபாத் விமான நிலையம் வரைக்கும் குண்டு போட்டாங்க, ஆனா ஈரான் போர் விமானங்க கான்கிரீட் ஷெல்டருக்குள்ள பத்திரமா இருந்துச்சு. சீக்கிரம் முடியும்னு போட்ட கணக்கு எட்டு வருஷமாச்சு

திவ்யா அக்கா: எனக்கு வயிறு எரியறது அடுத்து நடந்தத படிக்கும்போதுதான். செப்டம்பர் 28 ஐநா பாதுகாப்பு சபை தீர்மானம் 479 போடுது. சண்டைய நிறுத்துங்கன்னு சொல்லுது. ஈராக் படை ஈரான் மண்ணுல நிக்குது, நீ திரும்பிப் போன்னு ஒரு வரி கூட இல்ல அதுல! 1982 மே 24 ஈராக் பிடிச்சு வச்சிருந்த கொராம்ஷர் ஊர ஈரான் மீட்டு, ஈராக்க எல்லை வரைக்கும் தள்ளி, இனி இவங்க உள்ள போயிடுவாங்கன்னு ஆனப்புறம் ஜூலைல தீர்மானம் 514, அதுலதான் ரெண்டு பேரும் அவங்கவங்க எல்லைக்குப் போங்கன்னு வருது

பெரியப்பா: வரப்ப வெட்டி அடுத்தவன் வயல்ல ஒருத்தன் ஏர் ஓட்டிகிட்டு இருக்கான், பஞ்சாயத்து வந்து ரெண்டு பேரும் சத்தம் போடாதீங்கப்பான்னு சொல்லிட்டு எழுந்து போற மாதிரி

கார்த்தி: அப்ப உலகமே சும்மாவா பாத்துட்டு இருந்துச்சு

பெரியப்பா: சும்மா இருந்திருந்தா கூட பரவால்லடா. சோவியத்தும் பிரான்ஸும் போர் விமானம் வித்துச்சு. அமெரிக்கா 82ல பயங்கரவாத லிஸ்ட்லேர்ந்து ஈராக்க எடுத்துச்சு, 83 டிசம்பர்ல அமெரிக்க தூதரா ரம்ஸ்ஃபெல்ட் பாக்தாத் போயி சதாமோட கை குலுக்குனார், அதே ஆளுதான் 2003ல அமெரிக்க பாதுகாப்பு அமைச்சர். சவுதியும் குவைத்தும் கோடி கோடியா கடன் குடுத்துச்சு. ஈரான் ஜெயிச்சா நமக்கு ஆபத்துன்னு பயந்து குடுத்தாங்க. நான் அங்க போன புதுசுல குவைத் கடைகள்ல சதாம் படம் மாட்டியிருந்தத என் கண்ணால பாத்தேன்

திவ்யா அக்கா: விஷவாயுவயும் சொல்லுங்க பெரியப்பா. ஈரான் பட்டாளத்து மேல மஸ்டர்ட் கேஸ் போட்டது 84லயே ஐநா நிபுணர்கள் போயி பாத்து உறுதி பண்ணாங்க. அப்பவும் யாரும் தடுக்கல. 87 ஜூன் 28 சர்தஷ்த்ங்கிற ஈரான் ஊர்ல பொதுமக்கள் மேலயே போட்டாங்க. 88 மார்ச் 16 ஹலப்ஜா, அது சொந்த நாட்டு குர்து மக்கள், ஒரே நாள்ல ஆயிரக்கணக்குல செத்தாங்க. ஒரு தடவை கேக்காம விட்டா அடுத்தது எங்க போயி நிக்கும்னு இதுலயே தெரியுது

அத்தை: படிக்கவே முடியல திவ்யா. கொழந்தைங்கள தூக்கிட்டு விழுந்து கெடந்த போட்டோ அப்ப பத்திரிகைல வந்துச்சு

பாலா (குவைத்): நான் இப்பதான் டியூட்டி முடிச்சு வந்தேன். மாமா ஒரு டவுட், கடன் குடுத்த குவைத் மேலயே எப்படி கை வச்சார்

பெரியப்பா: கடன் குடுத்ததாலதான் மாப்ள. 88 ஆகஸ்ட்ல சண்டை நின்னப்ப ஈராக் கழுத்து வரைக்கும் கடன். குவைத்துக்கு மட்டும் 1400 கோடி டாலர். தள்ளுபடி பண்ணுன்னார், குவைத் மாட்டேன்னுச்சு. ருமைலா எண்ணெய் வயல்ல சாய்வா தோண்டி எங்க எண்ணெய உறிஞ்சுறீங்கன்னார், எண்ணெய் நாடுங்க கூட்டமைப்பு ஒபெக் வச்ச அளவுக்கு மேல எடுத்து விலைய எறக்குறீங்கன்னார், அந்த ரெண்டாவதுல கொஞ்சம் உண்மையும் இருந்துச்சு. ஆனா அதுக்கு டேங்க்க கொண்டு வருவாங்களா. ஆகஸ்ட் 2 விடிகாலைல வந்தாங்க, அன்னிக்கே ஊரு அவங்க கைல. குவைத் மன்னர் அமீர் சவுதிக்குப் போயிட்டார். அதே மாசம் குவைத் எங்க 19வது மாகாணம்னு அறிவிச்சுட்டாங்க. குவைத் தினார ஈராக் தினாருக்கு சமம்னாங்க, அப்புறம் செல்லவே செல்லாதுன்னாங்க, நாங்க சேத்து வச்சிருந்த சம்பளம் வெறும் காகிதம்

சித்தப்பா: இந்த தடவை ஐநா அன்னிக்கே தீர்மானம் போட்டுச்சே

திவ்யா அக்கா: ஆமா 660. நிபந்தனை இல்லாம உடனே வெளியேறுன்னு. பத்து வருஷத்துக்கு முன்னாடி ஈரானுக்கு எழுதாத வரி இதுதான் சித்தப்பா. முதல் தடவையே இந்த வரிய எழுதி அழுத்தம் குடுத்திருந்தா குவைத் மேல கை வைக்க அவ்ளோ துணிச்சல் வந்திருக்காதுன்னு நான் உறுதியா நம்புறேன்

அத்தை: அந்த ஆகஸ்ட் செப்டம்பர்ல அம்மா சரியா சாப்பிடல. போன் கிடையாது லெட்டர் கிடையாது, ரேடியோ நியூஸ்தான். அண்ணன் பம்பாய் வந்துட்டாருன்னு தந்தி வந்தப்புறம்தான் தூங்குனாங்க

பெரியப்பா: பாஸ்ரா, பாக்தாத் வழியா பஸ்ல ஜோர்டான் எல்லை, அங்க பாலைவனத்துல டென்ட்டு, அப்புறம் அம்மான்லேர்ந்து ஏர் இந்தியா. குஜ்ரால் அப்ப வெளியுறவு அமைச்சர், பாக்தாத் போயி சதாம கட்டிப்பிடிச்ச போட்டோவுக்கு ஊரே திட்டுச்சு. எங்கள வெளிய விட அந்த பேச்சுவார்த்தை தேவைப்பட்டுச்சு, நான் அவர திட்டமாட்டேன். ரெண்டு மாசத்துல 1,70,000 பேருக்கு மேல கொண்டாந்தாங்க

பாலா (குவைத்): இங்க பிப்ரவரி 25, 26 லீவு விடுறாங்க, ரெண்டாவது நாள் 91ல ஈராக் படைய வெளிய தள்ளுன அந்த விடுதலைக்குத்தான். குரைன்ல ஒரு வீடு இருக்கு மாமா, எதிர்த்து நின்ன குவைத் பசங்கள ஈராக் டேங்க் சுட்ட வீடு, ஓட்டை ஓட்டையா அப்படியே மியூசியமா வச்சிருக்காங்க. அப்ப காணாம போனவங்க 600 பேருக்கு மேல, அதுல கொஞ்ச பேரோட எலும்ப ஈராக்ல தோண்டி எடுத்து டிஎன்ஏ பாத்து இத்தன வருஷம் கழிச்சும் கொண்டாந்து அடக்கம் பண்ணாங்க. இங்க யாருகிட்டயும் இந்த ஃபார்வேர்ட காட்ட முடியாது கார்த்தி

கார்த்தி: பெரியப்பா உங்களுக்கு போன காசு திரும்பி வந்துச்சா

பெரியப்பா: ஐநா நஷ்டஈடு கமிஷன்னு ஒண்ணு வச்சாங்க, நம்ம கவர்மென்ட் மூலமா எழுதிப் போட்டோம். தனி ஆளுக்கு 4000 டாலர் வரைக்கும், முதல்ல 2500, மீதி அப்புறமா. மாடி வீடு எழும்புனது அதுலதான். ஆனா அந்த காசு எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரிஞ்சப்ப மனசு கஷ்டமா போச்சுடா. ஐநா தடை போட்டு மருந்து கூட சரியா கிடைக்காத நாடு ஈராக், அதோட எண்ணெய் வருமானத்துல 100க்கு 30 ரூபா இதுக்குப் போச்சு. சதாம் அரண்மனைல ஒரு குறையும் இல்ல

திவ்யா அக்கா: மொத்தம் 5240 கோடி டாலர். கடைசி தவணை 2022ல போயி சேந்துச்சு. கட்டுன நாட்டுல பாதிக்கு மேல 90க்கு அப்புறம் பொறந்தவங்க

கார்த்தி: ஈரானுக்கும் இதே மாதிரி குடுத்தாங்களா அக்கா

திவ்யா அக்கா: எட்டு வருஷ சண்டைக்கு ஒரு காசு வரல. குவைத் விஷயம் முடிஞ்சப்புறம் 1991 டிசம்பர்ல ஐநா பொதுச்செயலாளர் தே குவெய்யார் ஒரு அறிக்கை குடுத்தார், 1980 செப்டம்பர் 22 ஈராக் தாக்குனத எந்த சட்டத்துலயும் நியாயப்படுத்த முடியாதுன்னு. பதினொரு வருஷம் கழிச்சு. அதோட சரி