வராதவருக்கும் ஒரு வரி: பிளாஸ்ட் அட்டவணைகளோடு நம் அனுபவங்கள்

மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தைத் தோட்டங்களில் வளர்ந்து, இன்று ஆய்வுக்கூடங்களில் மரபணுத் தொடர்களோடு வேலை பார்ப்பவர்கள் நம்மில் சிலர் இருக்கிறோம். ஒரு தொடரைத் தரவுத்தளத்திலுள்ள தொடர்களோடு ஒப்பிட்டுப் பொருத்தம் தேடும் பிளாஸ்ட் போன்ற மென்பொருள்களின் முடிவுகளை நிரல் எழுதிப் பிரிக்கும்போது உங்களுக்கு நேர்ந்தவற்றை இங்கே எழுதுங்கள். முதலில் என்னுடையது.

செம்பனையின் அடித்தண்டு அழுகலைத் தோட்டத்தில் பிறந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கானோடெர்மா போனினென்சே என்ற பூசணம் அதற்குக் காரணம். அடிமரத்தில் காளான் முளைத்துக் கண்ணுக்குத் தெரியும்போது தண்டின் உட்புறம் பெரும்பாலும் அழுகிப்போயிருக்கும். அதற்கு முன்பே கண்டுபிடிக்க முடியுமா என்று பார்க்க, ஒரு தோட்டத்தில் 48 மரங்களின் அடித்தண்டில் துளையிட்டு மாதிரி எடுத்தோம். அவற்றிலிருந்த பூசணத்தின் ஐ.டி.எஸ். பகுதியை, அதாவது எந்த வகைப் பூசணம் என்று அடையாளம் காண உதவும் டி.என்.ஏ. துண்டைப் படித்து, கானோடெர்மா தொடர்களை மட்டும் சேர்த்து நானே உருவாக்கிய சிறிய தரவுத்தளத்தில் பிளாஸ்ட் தேடலுக்கு விட்டேன்.

முடிவை 6ஆம் வடிவத்தில் கேட்டிருந்தேன். டேப் இடைவெளியால் பிரித்த 12 பத்திகள் (நெடுவரிசைகள்). தலைப்பு வரி கிடையாது. தேடிய தொடரின் பெயர், கிடைத்த தொடரின் பெயர், ஒற்றுமைச் சதவீதம், நீளம் என்று தொடங்கி ஈ-மதிப்பு (இப்படிப்பட்ட பொருத்தங்கள் தற்செயலாக எத்தனை கிடைக்கலாம் என்ற மதிப்பீடு), பிட் மதிப்பெண் (பொருத்தம் எவ்வளவு நல்லது என்பதற்கான மதிப்பெண்) என்று முடியும். ஒவ்வொரு மரத்துக்கும் அதிக பிட் மதிப்பெண் பெற்ற வரியை மட்டும் வைத்துக்கொள்ளும்படி பைத்தானில் ஒரு சிறு நிரல் எழுதினேன். 48 மரங்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு வரி வந்தது.

காரணம் பெயரில் இருந்தது. தொடர்களைப் பெயரோடு எழுதிவைக்கும் ஃபாஸ்டா கோப்பில் "போக்கோ 12 புளோக் 3" என்பதுபோல் மலாயில் பெயரிட்டிருந்தேன். பிளாஸ்ட் முதல் இடைவெளி வரை உள்ள சொல்லைத்தான் அடையாளமாக எடுத்துக்கொள்ளும். ஆகவே எல்லா மரங்களுக்கும் பெயர் "போக்கோ" ஆகிவிட்டது. மரம் என்ற ஒரே பெயரில் 48 மரங்கள்! இடைவெளிகளை அடிக்கோடாக மாற்றியதும் அது சரியானது.

அடுத்த பிழைதான் இன்றும் மனத்தை உறுத்துகிறது. திருத்திய பட்டியலை அச்சிட்டுத் தோட்டத்துக்கு எடுத்துச் சென்றேன். அங்கே பல ஆண்டுகள் தோட்ட மேற்பார்வையாளராக வேலை பார்த்த கண்டக்டர் ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வரி வரியாக இறக்கிக்கொண்டே போனார். அடிக்கு வந்ததும் நிமிர்ந்து, "நாற்பத்தொன்றுதானே இருக்கிறது, மீதி ஏழு மரங்கள் எங்கேயம்மா?" என்று கேட்டார். நான் எண்ணிப் பார்க்கவே இல்லை.

என் அப்பா தோட்டத்துக் கிராணி, அதாவது எழுத்தர். வேலைக்கு முன் ஆட்கள் கூடும் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் குறிப்பார். வேலைக்கு வராதவருக்கும் அதில் ஒரு வரி இருக்கும், வரவில்லை என்ற குறி இருக்கும். பிளாஸ்டின் 6ஆம் வடிவம் அப்படியில்லை. பொருத்தம் கிடைக்காத தொடருக்கு அது ஒரு வரிகூட எழுதாது. 7ஆம் வடிவத்தில் '#' குறியோடு தொடங்கும் குறிப்பு வரிகள் உண்டு. எதுவும் கிடைக்காவிட்டால், அந்தத் தொடரின் பெயருக்குக் கீழே பொருத்தம் பூஜ்யம் என்றாவது அதில் எழுதியிருக்கும்.

அந்த ஏழும் ஒரே வகையும் அல்ல. ஐ.டி.எஸ். பகுதியின் நடுவிலுள்ள 5.8எஸ் துண்டு பலவகைப் பூசணங்களிலும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருப்பதால், தொடரின் 80 சதவீதமாவது பொருந்த வேண்டும் என்று வரம்பு வைத்திருந்தேன். நான்கு மாதிரிகள் அதில் கழிந்தன, அவை வேறு பூசணங்கள். மற்ற மூன்றும் சரியாகவே படிக்கப்படவில்லை, எழுத்துகளில் பாதி, எது என்று தெரியாத இடத்தில் போடும் 'N' குறிதான். அந்த மூன்று மரங்களை நோயற்றவை என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. இப்போதெல்லாம் ஃபாஸ்டா கோப்பிலிருந்து பெயர்களை முதலில் எடுத்துவிட்டு, அதன் பிறகே முடிவுகளை அவற்றோடு சேர்க்கிறேன்.

ஈஜோக்கிலிருந்து ஓர் அண்ணன்:

தங்கை, எனக்கு நேர்ந்தது திசைச் சிக்கல். கிடைத்த தொடரின் முடிவிடத்திலிருந்து தொடக்கத்தைக் கழித்து நீளம் கண்டேன். சில வரிகளில் விடை எதிர்ம எண்ணாக வந்ததால், பழுதான வரிகள் என்று நீக்கிவிட்டேன். பொருத்தம் டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளில் எதிர் இழையில் இருந்தால் தொடக்க எண் முடிவு எண்ணைவிடப் பெரிதாக இருக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. பயோபைத்தான் நிரல் தொகுப்பில் தேடல் முடிவுகளைப் படிக்கும் சர்ச்ஐஓ என்ற பகுதி இதை ஒழுங்குபடுத்தி, இழையைத் தனியாகச் சொல்லிவிடும். ஆனால் அது பூஜ்யத்திலிருந்து எண்ணும். அட்டவணையில் 101 முதல் 300 வரை என்றிருப்பது அங்கே 100, 300 என்று வரும். இரண்டையும் கலந்தால் ஓர் எழுத்து நகர்ந்துவிடும். புரதமாக மொழிபெயர்க்கும்போது அந்த ஓர் எழுத்து மொத்தத்தையும் கெடுத்துவிடும்.

இன்னொன்று. உன் சிறிய தரவுத்தளத்தில் வந்த ஈ-மதிப்பை, பெரிய பொதுத் தரவுத்தளத்தில் வந்ததோடு ஒப்பிடாதே. தளம் பெரிதானால், அதே பொருத்தத்துக்கு ஈ-மதிப்பும் பெரிதாகும். நீ பிட் மதிப்பெண்ணை வைத்துத் தேர்ந்தெடுத்தது நல்லது.

கோல சிலாங்கூரிலிருந்து ஒரு தம்பி:

அக்கா, நான் ஹம்மர் என்ற இன்னொரு தொடர் தேடல் மென்பொருளோடு போராடினேன். அதன் அட்டவணையும் பிளாஸ்டைப் போலத்தான் என்று நினைத்து டேப்பில் பிரித்தேன். ஒரு வரி முழுவதும் ஒரே பத்தியாக வந்து நின்றது. அதில் டேப் கிடையாது, பத்திகளை வெற்று இடைவெளிகளால் நேராக்கியிருக்கிறார்கள். சரி என்று இடைவெளியில் பிரித்தால், கடைசிப் பத்தியான விளக்கம் சொல் சொல்லாகச் சிதறியது. மொத்தம் 19 பத்திகள், ஆகவே 18 முறை மட்டும் பிரிக்கச் சொன்னேன், விளக்கம் ஒன்றாக நின்றது. இந்த ஒரு எண்ணைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு இரவுகள் ஆயின. யாராவது முன்பே சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியதால்தான் எழுதுகிறேன்.

மீண்டும் நான்:

அண்ணா, எதிர் இழை வரிகள் என் கோப்பிலும் இருக்கின்றன, இன்றே சரிபார்க்கிறேன். தம்பி, நீங்கள் சொன்ன 18-ஐக் குறித்துக்கொண்டேன்.

அந்த மூன்று மரங்களிலும் சென்ற வாரம் மறுபடி மாதிரி எடுத்தோம். கண்டக்டர் ஐயாவும் கூடவே வந்தார். ஒரு மரத்தில் விரியாத குருத்துகள் மூன்று நின்றன, அடித்தண்டு அழுகலின் அறிகுறிகளில் ஒன்று. அவர் அதைக் காட்டிவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. தொடர்கள் வந்ததும் 48 வரிகளோடு புதிய பட்டியலை அவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன்.