சீன மாணவர்களுக்கு ஆங்கிலப் பயிற்சி கொடுத்திருக்கிறீர்களா? உங்கள் அனுபவம் என்ன?

செங்டு மெடிக்கல்:

செங்டுவில் ஆறு வருடம் மருத்துவம் படித்தேன். நான் பன்னிரண்டாவது வரை தமிழ் வழி. ஆனால் சீன மாணவர்கள் கண்ணுக்கு இந்தியன் என்றாலே ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. வெள்ளிக்கிழமை மாலை நூலகத்துக்கு வெளியே, ஆங்கிலம் பேசிப் பழக ‘இங்கிலீஷ் கார்னர்’ கூடும். அங்கே பழக்கமான ஒரு பையன், கல்லூரி மாணவர்கள் எழுதும் நான்காம் நிலை ஆங்கிலத் தேர்வுக்குத் தயார் செய்து தரச் சொன்னான். மொத்தம் 710 மதிப்பெண், 425 எடுத்தால் தேறியதாகக் கணக்கு. அவனுக்கு இரண்டு முறை கைநழுவிவிட்டது.

கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் என்னைவிட வேகமாக நிரப்புவான். வாயைத் திறந்தால், “மை மதர் இஸ் எ டீச்சர், ஹீ லைக்ஸ் குக்கிங்.” இலக்கணம் தெரியாமல் இல்லை. சீனத்தில் அவன், அவள் இரண்டுக்கும் ஒலி ஒன்றுதான்: ‘தா’. எழுத்தில்தான் வேறுபாடு, அதுவும் சுமார் நூறு வருடத்துக்கு முன்பு வந்தது. அவன், அவள், அவர், அது என்று பிரித்துப் பேசியே வளர்ந்த நமக்கு இது விளங்கவே கொஞ்ச நாள் ஆகும்.

கடைசியில் கைகொடுத்தது ஒரு விளையாட்டு. அங்கே டீக்கடையில் உட்கார்ந்தால் சூரியகாந்தி விதை கொறிக்காமல் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். அவன் தன் போனில் இருக்கும் குடும்பப் படத்தைப் பார்த்து ஒரு நிமிடம் நிறுத்தாமல் பேச வேண்டும். ‘ஹீ’, ‘ஷீ’ தவறினால் ஒரு விதை என் பக்கம். முதல் நாள் எனக்கு ஒரு கைப்பிடி சேர்ந்தது. இரண்டு மாதத்தில் நாலைந்தாகக் குறைந்தது.

இன்னொரு தொல்லை எண்கள். அவர்களுக்குப் பத்தாயிரம்தான் படி: ‘வான்’. பத்தாயிரம் வான் சேர்ந்தால் ஒரு ‘யீ’. 1.4 பில்லியன் என்று நான் படித்ததும் அவன் மனதுக்குள் 14 யீ ஆக்கினான், நான் 140 கோடி ஆக்கினேன். இரண்டு பேரும் விட்டத்தைப் பார்த்தோம். அப்புறம் நோட்டில் எழுதி வைத்தோம்: ஒரு லட்சம் 10 வான், ஒரு மில்லியன் 100 வான், ஒரு கோடி 1000 வான். வீட்டு விற்பனை விளம்பரங்களில் இருக்கும் விலைகளை ஆங்கிலத்தில் சொல்வதுதான் பயிற்சி. உண்மையில் அதில் அதிகம் தேறியது நான்தான்!

‘நைட்’, ‘லைட்’ குழப்பத்தைப் பற்றி எழுதினால் விடிந்துவிடும். அந்த ஊர்ப் பேச்சில் பல சொற்களில் ‘ந’வும் ‘ல’வும் ஒன்றாகிவிடும்.

டியூஷன் அக்கா:

நான் சிங்கப்பூரில். சீனாவிலிருந்து வந்த பத்து வயதுப் பெண் ஒருத்தி, இங்கே அரசுப் பள்ளியில் சேர ஏஈஐஎஸ் தேர்வு எழுத வேண்டியிருந்தது. ஆங்கிலமும் கணக்கும். கணக்கைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அதற்கு முன்பு போன டியூஷன் சென்டரில் கட்டுக்கட்டாக வொர்க்‌ஷீட் கொடுத்து, சிவப்பு மையால் திருத்தி அனுப்பியிருந்தார்கள். ஏன் தப்பு என்று ஒரு வரி கிடையாது.

முதல் நாளே “ஆண்ட்டி, ஓப்பன் த லைட்” என்றாள். சீனத்தில் ‘காய்’ என்று ஒரு வினைச்சொல். கதவைத் திறப்பதும் காய், விளக்கைப் போடுவதும் காய், கார் ஓட்டுவதும் காய், கூட்டம் நடத்துவதும் காய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாம் லைட் போடுகிறோம், சட்டை போடுகிறோம், கோலம் போடுகிறோம், சண்டையும் போடுகிறோம். அதை அவளிடம் சொன்னேன். அன்றைக்கு முழுவதும் அதுவே பாடம். நான் தமிழ்ப் ‘போடு’வை வைத்துப் பத்து வாக்கியம், அவள் ‘காய்’ வைத்துப் பத்து. ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் என்ன வினை என்று இரண்டு பேரும் தேடினோம்.

காலம்தான் கடைசி வரை படுத்தியது. அவள் மொழியில் வினைச்சொல் உருமாறாது. ‘நேற்று’ என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. அதனால் “யெஸ்டர்டே ஐ கோ”. முட்டையை ஆவியில் வேகவைப்பது எப்படி என்று ஒரே சமையலை மூன்று முறை சொல்ல வைத்தேன்: இப்போது நான் செய்வதாக, நேற்று நான் செய்ததாக, பாட்டி தினமும் செய்வதாக. பாட்டி வந்தால் ‘எஸ்’ வரவேண்டும். வராவிட்டால் பாட்டிக்கு உப்பு போட மறந்துவிட்டது என்று நான் கத்துவேன்.

“ஆல்தோ” போட்டால் கூடவே “பட்” வரும், ஏனென்றால் சீனத்தில் அவை ஜோடி. அது எளிதில் போய்விட்டது.

இரவு ஷிப்ட்:

திருச்சியிலிருந்து ஆன்லைனில் வகுப்பு எடுத்தேன். 2021 ஜூலையில் சீன அரசு புது விதி கொண்டு வந்தது. வெளிநாட்டில் இருக்கும் ஆசிரியர்களை வைத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தக் கூடாது என்று. என் குழந்தைகள் வகுப்பு அத்தோடு போச்சு. மிஞ்சியவர் ஷென்ஜெனில் ஒரு எஞ்சினியர்.

“டோன்ட் யூ லைக் இட்?” என்று கேட்டால் “யெஸ், ஐ டோன்ட் லைக்” என்பார். ஆங்கிலத்தில் அங்கே ‘நோ’ வரவேண்டும். திருத்த வாயெடுத்துவிட்டு நிறுத்தினேன். “பிடிக்கலையா?” என்றால் நானும் “ஆமா, பிடிக்கலை” என்றுதானே சொல்வேன்? இதற்கென்று இருபது எதிர்மறைக் கேள்விகள் எழுதி வைத்து, வகுப்பு நடுவில் திடீர் திடீரென்று கேட்பேன். சில நாள் எனக்கே தப்பாக வரும்.

மாண்டரினில் அசைகள் பெரும்பாலும் உயிரொலியில் முடியும், இல்லையென்றால் ‘ன்’, ‘ங்’. அதனால் ‘பிக்’ அவர் வாயில் ‘பிக-அ’ ஆகும். நம் பஸ்ஸு, லைட்டு மாதிரி. சொல்லைத் தனியாகச் சொல்ல விடாமல், அடுத்து உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லோடு ஒட்டிச் சொல்ல வைத்தேன்: ‘பிக்காப்பிள்’, ‘குட்ஐடியா’. பள்ளியில் புணர்ச்சி படித்தது எனக்கு உதவிய ஒரே இடம் இது.

செங்டு மெடிக்கல்:

டியூஷன் அக்கா, அந்தப் ‘போடு’ பாடம் அருமை. என் பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். மூன்றாவது முறை 431. அன்றிரவே செய்தி அனுப்பினான்: “தேங்க் யூ டீச்சர். மை மதர் இஸ் வெரி ஹேப்பி. ஹீ இஸ் க்ரையிங்.”