கொத்தமல்லி மூணே நாள்ல அழுகிடுது, நீங்கல்லாம் எப்படி வெச்சிக்கிறீங்க?

புதுக்குடித்தனம்:
எல்லாருக்கும் வணக்கம். நானும் வீட்டுக்காரரும் ரெண்டு பேருமே வேலைக்கு போறோம், தாம்பரம் பக்கம் வீடு, ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் மார்க்கெட் போக முடியுது. காயெல்லாம் ஒரு வாரம் தாங்கிடுது, கொத்தமல்லி புதினா கறிவேப்பிலை இந்த மூணுதான் தாங்க மாட்டேங்குது. வந்த உடனே மண்ணு போக நல்லா அலசி, தண்ணிய உதறிட்டு, கட்டோட கவர்ல போட்டு பிரிட்ஜ்ல கீழ் டிரேல வெக்கிறேன். புதன்கிழமை ரசத்துக்கு எடுக்கலாம்னு திறந்தா கட்டு நடுவுல கொழகொழன்னு கருத்து கிடக்கு, கவர் அடியில பச்சைத் தண்ணி தேங்கி நாத்தம் அடிக்குது, மேல இருக்குற நாலு இலைய பொறுக்கிட்டு மீதியெல்லாம் குப்பைக்குதான் போகுது. கறிவேப்பிலையும் கருத்து உதிருது. அம்மா வீட்ல கொல்லையில மரமே இருந்துச்சு, வேணுங்கறப்ப ஒடிச்சிக்குவோம், அதனால பத்திரப்படுத்துறது எப்படின்னே தெரியாம வளந்துட்டேன். காசு கம்மிதான், ஆனா பச்சைப்பசேல்னு வாங்கினத தூக்கி போடுறப்ப மனசு கேக்கல. வழி சொல்லுங்க ப்ளீஸ்.

கீரைக்கட்டு:
சிஸ்டர், நீங்க அலசி வெக்கிறதுதான் பிரச்சனையே. எங்கப்பா சந்தைல கீரை யாவாரம் பண்ணவர், நான் சின்ன வயசுலேருந்து பாத்தத சொல்றேன். கட்டு வாடாம இருக்க கடையில காலைலேருந்து தண்ணி தெளிச்சிக்கிட்டே இருப்போம், அந்த ஈரம் நடுவுல போய் உக்காந்துக்கும், மேல் பக்கம் காத்துல காஞ்சிடும், உள்ள காயாது, அதான் எப்பவும் நடுவுலேருந்து அழுக ஆரம்பிக்குது. அதனால வீட்டுக்கு வந்ததும் மொத வேலையா கட்ட அவுத்துடணும், நாரோ ரப்பர் பேண்டோ எதுவா இருந்தாலும். மஞ்சளான இலை, நசுங்குனது, கருப்பு விழுந்தது எல்லாத்தையும் ஆய்ஞ்சு எடுத்துடுங்க, அழுகுன இலை ஒண்ணு உள்ள இருந்தாலும் பக்கத்துல இருக்கறதையும் கெடுத்துடும். அப்புறம் ஒரு வேட்டித்துணிய விரிச்சு பேன் காத்துல அரை மணி நேரம் பரப்பி வைங்க. வாடுற அளவுக்கு விட வேணாம், இலைய தொட்டா கையில ஈரம் ஒட்டக்கூடாது, அவ்ளோதான். வேரை நறுக்கிட்டு காஞ்ச பருத்தித் துணில லூசா சுத்தி மூடி போட்ட டப்பாவுல வெச்சிடுங்க. மூணு நாலு நாளைக்கு ஒரு தடவ துணிய தொட்டு பாருங்க, நமுத்திருந்தா வேற துணி மாத்துங்க. இப்படி வெச்சா எங்க வீட்ல ரெண்டு வாரம் வருது. சமைக்க எடுக்குறப்ப தேவையானத மட்டும் அலசிக்கங்க.

இன்னொண்ணு, அதே டிரேல பழுத்த வாழைப்பழம், ஆப்பிள், தக்காளி வெக்காதீங்க, பழத்துலேருந்து எத்திலீன்னு ஒரு வாயு வரும், அது பட்டா இலை சீக்கிரம் மஞ்சளாயிடும்.

திண்டுக்கல்காரி:
மேல தம்பி சொன்னது அத்தனையும் சரி. நிறைய பேர் நியூஸ்பேப்பர்ல சுத்தி வெக்க சொல்லுவாங்க, நானும் பல வருஷம் அப்படித்தான் வெச்சேன், ஈரத்த நல்லா உறிஞ்சும், ஆனா அச்சு மை இலைல ஒட்டுதுமா. 2016லயே உணவு பாதுகாப்பு ஆணையம் பேப்பர்ல சாப்பாட்டுப் பொருள மடிக்காதீங்கன்னு சொல்லிட்டாங்க, அதுலேருந்து பழைய காட்டன் புடவைய கிழிச்சு துண்டு துண்டா தெச்சு வெச்சிருக்கேன், தொவச்சு தொவச்சு வருஷக்கணக்கா ஓடுது.

கறிவேப்பிலைய கொத்தோட வெக்காத, உருவி இலைய மட்டும் காய வெச்சு டப்பால போடு. நிறைய இருந்தா ஒரு பங்க ப்ரீசர்ல போட்டுடு. ஐஸ் உருகுற வரைக்கும் காத்திருக்க வேணாம், அப்படியே எண்ணெயில போடலாம், ஈரம் இருந்தா தெறிக்கும், கொஞ்சம் தள்ளி நின்னுக்க. கொத்தமல்லிய ப்ரீசர்ல வெச்சா தொவண்டுடும், மேல தூவ ஆகாது. அதுக்கு பதிலா புதினா, பச்சமொளகா, கொஞ்சம் எலுமிச்சம் சாறோட கெட்டியா அரைச்சு ஐஸ் டிரேல ஊத்தி வெச்சிடு, அவசரத்துக்கு ரெண்டு கட்டி போட்டா குருமாவுக்கு ஆச்சு.

மாடித்தோட்டம்:
புதினாவுக்கு பிரிட்ஜே வேணாங்க. இலைய கிள்ளி சமையலுக்கு எடுத்துட்டு நல்ல தடிச்ச தண்டா நாலஞ்சு எடுங்க, கீழ் இலைய உருவிட்டு ஒரு டம்ளர் தண்ணில கணு முங்குற மாதிரி ஜன்னலோரம் வைங்க, ரெண்டு நாளைக்கு ஒரு தரம் தண்ணி மாத்தணும், இல்லன்னா தண்டு அழுகிடும். கணுவுலேருந்து வெள்ள வெள்ளயா நூல் மாதிரி வேர் விடும், அத தொட்டில நட்டு அரை நிழல்ல வெச்சா போதும். எங்க வீட்ல கடைல புதினா வாங்கியே ரெண்டு வருஷம் ஆச்சு. பால்கனி இருந்தா கறிவேப்பிலை கன்னும் ஒண்ணு வைங்க, மொதல்ல மெதுவாத்தான் வளரும், பொறுமையா இருங்க.

புதுக்குடித்தனம்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி!! போன வாரத்துக்கு முந்துன ஞாயிறு வாங்குன கொத்தமல்லிய கீரைக்கட்டு அண்ணா சொன்ன மாதிரி வெச்சேன், இன்னைக்கு 11வது நாள், இப்பதான் ரசத்துல கிள்ளி போட்டேன், தண்டு ஒடிக்கும்போது படக்குன்னு சத்தம் கேக்குது! ஒரே ஒரு டவுட், கறிவேப்பிலை டப்பாவுல ஒரு பக்கத்து இலை மட்டும் கண்ணாடி மாதிரி ஆகி கருத்துடுச்சு, மத்த பக்கம் நல்லாருக்கு, ஏன்?

கீரைக்கட்டு:
டப்பா மேல் தட்டுல பின்சுவர ஒட்டி இருந்துச்சா? அங்கதான் குளிர் ஜாஸ்தி, இலை உறைஞ்சு போய் அப்படி ஆகும். கீழ் டிரேக்கு மாத்துங்க, கருத்தத இன்னைக்கே பொறுக்கி எடுத்துடுங்க.